பட்டர் ஃப்ரூட் கன்றைப் பள்ளத்தில் புதைக்காதீர்கள்

பழனி மலையில் தாண்டிக்குடிக்குக் கீழே ஒரு சிற்றூரில் 31 ஆண்டுகள் தபால் கொடுத்தேன். மலைச்சரிவில் சிதறிக் கிடக்கும் வீடுகளுக்குக் கதவு எண் இருந்தாலும் யாரும் அதைச் சொல்வதில்லை. என் மனதில் முகவரிகள் எல்லாம் மரங்களாகத்தான் இருந்தன. உருண்டைக்காய் மரத்து வீடு, கழுத்து நீண்ட காய் மரத்து வீடு, பூத்துப் பூத்து ஏமாற்றும் மரத்து வீடு என்று. எந்த வீட்டுப் பட்டர் ஃப்ரூட் வெண்ணெய்போல இறங்கும், எது நார் ஓடி வாயில் சிக்கும், எது ஆடியில் கிடைக்கும், எது புரட்டாசி வரை தாங்கும் என்பதெல்லாம் தபால் பையோடு சேர்ந்து என் தலையில் ஏறிவிட்டது. மணியார்டர் கொண்டுபோன வீட்டில் ஒரு பழம் கொடுப்பார்கள். தின்றுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடப்பேன்.

ஓய்வுபெற்ற பிறகு அந்த ஞாபகத்தை வைத்துத்தான் ஒட்டுக்கன்று கட்டத் தொடங்கினேன். நல்ல மரம் எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியும்; கேட்டால் குச்சி வெட்டிக்கொள்ளவும் விடுவார்கள். ஆனால் கன்று கட்டக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் கன்றைக் கொல்லக் கற்றுக்கொண்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் கன்று வாங்கிப் போகிறவர்களில் பாதிப் பேர் அதே தவறைத்தான் செய்கிறார்கள்.

மாமனார் விட்டுச்சென்ற 60 சென்ட் காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே 30 கன்றுகள் வைத்தேன். தென்னைக்கு வெட்டுவதுபோல மூன்றடி ஆழத்துக்குக் குழி வெட்டி, அடியில் சாணமும் குப்பையும் கொட்டி, கன்றைக் குழிக்குள் இறக்கி, சுற்றிப் பாத்தி கட்டினேன். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. ஐப்பசி மழை வந்தது. எங்கள் மலையில் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. பத்து நாள் விடாமல் கொட்டும். குழிகள் முப்பதும் கிணறுகளாகிவிட்டன. அடியில் போட்ட குப்பை மக்கி அமுங்கியதால் கன்றுகள் இன்னும் அரையடி கீழே இறங்கின. தை பிறக்கும்போது இலைகள் வெளுத்துச் சிறுத்தன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து நான் இன்னும் ஊற்றினேன்! மாசி முடிவதற்குள் 19 கன்றுகள் போயின. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். நுனிவேர்கள் கரிபோலக் கறுத்து, தொட்டால் ஒடிந்தன.

அது வேரழுகல். பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிர். அதன் வித்துகள் மண்ணில் நிற்கும் தண்ணீரில் நீந்திப் போய் வேரைப் பிடிக்கும். நீந்துவதற்குத் தண்ணீர் இல்லையென்றால் அதனால் எளிதில் பரவ முடியாது. வேர் செத்த மரத்தால் தண்ணீர் குடிக்க முடியாது. ஆகவே இலை தாகம் எடுத்ததுபோலத் தொங்கும். அதைப் பார்த்து நாம் மேலும் ஊற்றுவோம். இந்த மரம் சாவது பெரும்பாலும் இப்படித்தான்.

சரியாக நடும் முறையை எனக்குச் சொல்லிக்கொடுத்தது பெருமாள் மலைப் பக்கம் இருக்கும் ஒரு சோலை. உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது மழை வெறித்திருந்தது. சும்மா உள்ளே நடந்தேன். கொலமாவு மரம் ஒன்று நின்றது. ஊதுபத்திக்குப் பசையாக இதன் பட்டையைத் தூளாக்கிச் சேர்ப்பார்களே, அதே மரம். பட்டர் ஃப்ரூட்டுக்கு மிக நெருங்கிய சொந்தம். இளந்தளிர் சிவந்து வருவதிலிருந்து இலையின் சாயல் வரை பார்த்தாலே தெரியும். முதல் நாள் அவ்வளவு மழை பெய்தும் மரத்தடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை. சரிவில் நிற்கிறது; கணுக்கால் புதையும் அளவுக்குச் சருகு. விரலால் கிளறினேன். வேர்கள் மண்ணுக்குள் போகாமல் அந்தச் சருகுக்குள்ளேயே வெள்ளை நூலாகப் படர்ந்திருந்தன. என் மூன்றடிக் குழி நினைவுக்கு வந்து வெட்கமாகிவிட்டது.

இந்தக் குடும்பத்துக்குத் தாவரவியலில் லாரேசி என்று பெயர். உலகெங்கும் வெப்பப் பகுதிகளில் 2,500-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. சமையலறைப் பட்டை, பிரிஞ்சி இலை, கற்பூர மரம் எல்லாம் இதே குடும்பம். நம் சோலைகளிலும் இந்தச் சாதி மரங்கள் நிறைய. அவற்றின் பழத்தை நம்பித்தான் நீலகிரி காட்டுப்புறா வாழ்கிறது. பெரும்பாலும் பசுமை மாறாத மரங்கள், இலையைக் கசக்கினால் ஏதோ ஒரு வாசனை இருக்கும். வேலியில் மஞ்சள் நூலாகப் படர்ந்து மற்றச் செடிகளை உறிஞ்சும் கொத்தானும் இதே குடும்பம்தான் என்று படித்தபோது சிரித்துவிட்டேன். எந்தக் குடும்பத்தில்தான் அப்படி ஒருவர் இல்லை? பட்டர் ஃப்ரூட் மெக்சிகோ, மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தது; அதுவும் அங்கே மலைக்காட்டு மரம். சோலையில் அதன் சொந்தக்காரர்கள் எப்படி நிற்கிறார்களோ அப்படியே அதையும் நிற்க வைத்தால் போதும்.

ஆகவே நடும் முறை இது. ஆழக் குழி வேண்டாம். மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்கு மண்ணைக் கிளறி, அதே மண்ணைத் திரும்பப் போடுங்கள். அடியில் எருவைக் கொட்டாதீர்கள். அதன்மேல் ஒன்றரை அடி உயரத்துக்கு, ஐந்தடி விட்டத்தில் மண்மேடு கட்டுங்கள். கன்று அந்த மேட்டின் உச்சியில் உட்கார வேண்டும். பையில் இருந்த மண்ணின் மேல்மட்டம் மேட்டின் மேல்மட்டத்தோடு சமமாக இருக்கட்டும். பையை உருவாதீர்கள், பிளேடால் கிழித்து எடுங்கள். இதன் வேர் சட்டென்று ஒடியும், ஒடிந்தால் எளிதில் தேறாது. ஒட்டுப்போட்ட இடம் எக்காரணம் கொண்டும் மண்ணுக்குள் போகக்கூடாது. சரிவான நிலமென்றால் மேட்டுக்கு மேற்புறம் பிறை வடிவில் ஒரு சிறு வாய்க்கால் வெட்டி மழைநீரை இரண்டு பக்கமும் திருப்பிவிடுங்கள். மரத்துக்கு மரம் 20 முதல் 25 அடி.

நடுவதற்கு ஆனி, ஆடிச் சாரல் நேரம் நல்லது. ஐப்பசிப் பெருமழைக்கு முன் மூன்று மாதம் வேர் பிடிக்க அவகாசம் கிடைக்கும். ஐப்பசியிலேயே கன்று கேட்டு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். கோபித்துக்கொள்கிறார்கள்.

நட்டதும் மேட்டின்மேல் மூடாக்கு. சில்வர் ஓக் சருகு, காப்பித் தொலி, காய்ந்த புல், எது கிடைத்தாலும் அரையடிக் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் மட்டும் வெறுமையாக இருக்கட்டும். அங்கே ஈரச்சருகு ஒட்டிக்கொண்டிருந்தால் பட்டை அழுகும். எருவை வருடம் இரண்டு முறை மூடாக்குக்கு மேலேயே போடுவேன்: சின்னக் கன்றுக்கு மக்கிய சாணம் ஒரு கூடை, காய்க்கும் மரத்துக்கு நான்கைந்து கூடை. கூடவே டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்துகொள்வது வழக்கம். வேரழுகலுக்கு அது ஓரளவு எதிரி. முழுக்க அதையே நம்பிப் பள்ளத்தில் நடாதீர்கள்.

மண்வெட்டியோடு ஆள் வந்தால் இந்த மரத்தடியில் விடாதீர்கள். காப்பிக்குக் கொத்துவதுபோல இங்கும் ஒரு கொத்துக் கொத்திவிட்டுப் போவார்கள். மேல் ஓர் அடி மண்ணில்தான் இதன் உயிர் முழுதும் இருக்கிறது. களையைக் கையால் பிடுங்கி அங்கேயே போடுங்கள்.

மாசி முதல் சித்திரை வரை தண்ணீர் வேண்டும். முதல் இரண்டு வருடம் வாரம் இரண்டு முறை ஒரு குடம். ஊற்றுவதற்கு முன் மூடாக்கை விலக்கி மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். விரலில் மண் ஒட்டினால் குடத்தைத் திருப்பிக் கொண்டுபோய்விடுங்கள். வெயில் நேராக அடிக்கும் இடமென்றால் தண்டுக்குச் சுண்ணாம்பு அடியுங்கள், பட்டை வெந்து வெடிக்காது. நான் முதல் கோடையில் பெரணித் தழையைக் குச்சியில் கட்டி மேற்குப் பக்கம் சாய்த்துவைப்பேன். காற்று அடிக்கும் முகட்டில் நடவே வேண்டாம். கிளை முள்ளங்கிபோல ஒடியும்.

ஒட்டுக்கன்றுதான் வேண்டுமா, கொட்டையைப் போட்டால் முளைக்காதா என்று கேட்பார்கள். முளைக்கும், அருமையாக முளைக்கும். ஏழெட்டு வருடம் காத்திருந்த பிறகு என்ன காய் வரும் என்று உங்களுக்கும் தெரியாது, மரத்துக்கும் தெரியாது. தாயைப்போலப் பிள்ளை இருக்காது. ஒட்டுக்கன்று மூன்று நான்கு வருடத்தில் காட்டிவிடும்.

ஆனாலும் அந்தக் குருட்டு அதிர்ஷ்டத்தில் பிறந்ததுதான் உலகம் முழுக்க இன்று விற்கும் ஹாஸ் ரகம். கலிபோர்னியாவில் ருடால்ப் ஹாஸ் என்பவர் வளர்த்த கொட்டைக்கன்று அது. வேறு ரகத்தை அதில் ஒட்டுப்போட்டுப் பார்த்தார், ஒட்டவில்லை. அப்படியே விட்டார், காய்த்தது. 1935-இல் காப்புரிமை வாங்கினார். பெரிய பணம் ஒன்றும் வரவில்லை. ஒரு கன்று வாங்கியவர்கள் அதிலிருந்து தாங்களே ஒட்டுக்கட்டிக்கொண்டார்கள். அந்த மனிதருக்கு வேலை என்ன தெரியுமா? தபால்காரர்! இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி. அந்தத் தாய்மரம் 2002-இல் செத்தது. வேரழுகல்தான்.

கட்டும் முறையைச் சொல்கிறேன். வேர்ச்செடிக்கு, அதாவது ஒட்டைத் தாங்கும் அடிச்செடிக்கு, மரத்திலிருந்து பறித்து நன்றாகப் பழுக்கவைத்த காயின் கொட்டை வேண்டும். கீழே விழுந்து மண்ணில் கிடந்தது வேண்டாம். சதையைக் கழுவிவிட்டு 50 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் போட்டெடுத்தால் கொட்டையோடு வரும் அழுகல் நோய் போய்விடும். பால் சூடு பார்க்கும் வெப்பமானி ஒன்று வைத்திருக்கிறேன். கையை விட்டுப் பார்த்துச் சூடு சொல்ல முயலாதீர்கள், கொட்டை வெந்துவிடும். அகன்ற பக்கம் கீழே, கூர்ப்பக்கம் மேலே வரும்படி பையில் ஊன்றி, உச்சி லேசாக வெளியே தெரிய விடுங்கள். ஒன்று, ஒன்றரை மாதத்தில் வெடித்து முளைவரும். தண்டு பென்சில் கனம் ஆனதும் கட்டலாம்.

ஒட்டுக்குச்சி எடுப்பதில்தான் சூட்சுமம். தாய்மரத்தில் வெயில் படும் பக்கம், கணுக்கள் லேசாகப் புடைத்து நிற்கும் முற்றிய நுனிக்கிளையைத் தேர்ந்தெடுங்கள். பத்து நாள் முன்னதாகவே போய் இலைகளை மட்டும் நறுக்கிவிட்டுக் காம்பை விட்டுவையுங்கள். காம்பு தானாக உதிரும்போது மொட்டு விழித்துக்கொண்டிருக்கும். அப்போது ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். வேர்ச்செடியின் தலையைச் சீவி, நடுவில் ஒன்றரை அங்குலம் பிளந்து, குச்சியின் அடியை இருபுறமும் ஆப்புபோலச் சீவிச் செருகுங்கள். பட்டையும் பட்டையும் ஒரு பக்கமாவது சேர்ந்து நிற்க வேண்டும். பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டி, மேலே குச்சி ஐஸ் உறையைக் கவிழ்த்து அடியில் முடிச்சுப் போடுங்கள். நிழலில் வைத்தால் மூன்று நான்கு வாரத்தில் உறைக்குள் தளிர் தெரியும். கத்தியை ஒவ்வொரு செடிக்கும் ஸ்பிரிட்டில் துடையுங்கள். என் கை ஆரம்பத்தில் பத்துக்கு நான்கு பிடித்தது. இப்போது எட்டு பிடிக்கிறது.

எல்லாரும் கட்டவேண்டியதில்லை, வாங்கினாலும் சரி. வாங்கும்போது ஒட்டின் வடுவைத் தடவிப் பாருங்கள். ஒருமுறை வெளியூரில் ஹாஸ் என்று சொல்லி விற்ற ஐந்து கன்றுகளை வாங்கிவந்து நாடாவைப் பிரித்தால் உள்ளே வெட்டே இல்லை. வெறும் கொட்டைக்கன்றில் நாடா சுற்றியிருந்தார்கள். இலையைக் கசக்கியும் பாருங்கள். சோம்பு வாசனை வந்தால் அது மெக்சிகோ வழி. குளிரைத் தாங்கும், மேல்மலைப் பக்கம் வைக்கலாம். வாசனை இல்லாத மேற்கிந்தியத் தீவு வகை கீழ்ப்பகுதிகளுக்கு ஏற்றது. பெரிய காய், ஆனால் சதையில் எண்ணெய் குறைவு. கீழ்ப்பழனி மலையில் இருப்பவர்களுக்கு, தடியன்குடிசைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.கே.டி.1 ரகம் இந்த மண்ணிலேயே தேறியது.

இனி, பூத்துப் பூத்து ஏமாற்றும் மரத்து வீட்டுக் கதை. அந்த வீட்டுப் பெரியவர் ஒவ்வொரு மாசியிலும் என்னை நிறுத்திவிடுவார். "தபாலம்மா, இலை தெரியாமல் பூத்திருக்கிறது, பாரும். ஒரு காயாவது நிற்கிறதா? வெட்டிவிடட்டுமா?" என்பார். வேலையில் இருந்தவரை எனக்கும் பதில் தெரியாது. பிறகு பூதக்கண்ணாடியோடு போய் உட்கார்ந்து பார்த்தேன்.

இந்தப் பூவின் போக்கு விசித்திரம். ஒரே பூ இரண்டு முறை விரியும். முதல் முறை பெண்ணாக. நடுவில் சூல்முடி மட்டும் நிமிர்ந்திருக்கும், மகரந்தக் காம்புகள் விலகிப் படுத்திருக்கும். பிறகு மூடிக்கொள்ளும். மறுநாள் ஆணாக விரியும். ஒன்பது காம்புகளும் எழுந்து நிற்கும், அவற்றின் மகரந்தப் பைகளில் சன்னல் கதவுபோலச் சின்ன மடல்கள் மேலே தூக்கித் திறக்கும். இந்தச் சன்னல் இந்தக் குடும்பத்தின் அடையாளம்; பட்டை மரப் பூவிலும் பார்க்கலாம். மரங்கள் இதில் இரண்டு வகை. ஏ வகை முதல் நாள் காலையில் பெண், மறுநாள் பிற்பகலில் ஆண். பி வகை முதல் நாள் பிற்பகலில் பெண், மறுநாள் காலையில் ஆண். ஆகவே ஏ மரம் காலையில் பெண்ணாக இருக்கும்போது பி மரம் ஆணாக இருக்கும், பிற்பகலில் எதிர்மாறாக. ஹாஸ் ஏ வகை, பூர்ட்டே என்ற ரகம் பி வகை.

உங்கள் மரம் எது என்று அறிய, வெயில் நன்றாக அடிக்கும் நாளில் காலை பத்து மணிக்குப் பூவைப் பாருங்கள். விரிந்திருப்பவை எல்லாம் பெண் என்றால் ஏ; ஆண் என்றால் பி. மூடுபனி நாளில் பார்க்காதீர்கள். குளிரில் இதன் கடிகாரம் பிந்திப்போய்க் குழம்பிவிடும். அந்தக் குழப்பத்தால்தான் தனிமரம்கூடச் சில வருடம் காய்த்துவிடுகிறது.

பெரியவரின் மரம் ஏ. அரைப் பர்லாங்குக்கு வேறு மரமே கிடையாது. மரத்தை வெட்ட வேண்டாம், ஒரு கிளையை மட்டும் கொடுங்கள் என்றேன். கட்டைவிரல் கனமுள்ள இரண்டு கிளைகளின் தலையை வெட்டி, கழுத்து நீண்ட காய் மரத்திலிருந்து, அது பி, குச்சி கொண்டுவந்து செருகினேன். மூன்றாவது வருடம் அந்தக் கிளைகள் பூத்தன. பக்கத்துக் காப்பித் தோட்டக்காரரிடம் சொல்லி அடுக்குத் தேனீப் பெட்டி ஒன்றையும் மரத்தடிக்கு நகர்த்தி வைத்தோம். அந்த வருடம் இரண்டு சாக்குக் காய். ஆயிரம் பூவுக்கு ஒரு காய் நின்றாலே நல்ல விளைச்சல் என்பதால், எஞ்சிய பூ உதிர்வதைப் பார்த்துப் பெரியவர் அப்போதும் புலம்பினார். பூக்கும் நேரத்தில் மருந்து தெளிக்காதீர்கள், தேனீ வராது.

காய் பிடித்த பிறகு குரங்கும் மலை அணிலும் அவரவர் பங்கை எடுப்பார்கள்; நான் சண்டைக்குப் போவதில்லை. ஆட்டை மட்டும் மரத்தில் கட்டாதீர்கள், கவாத்துச் செய்த தழையை அதற்குப் போடவும் வேண்டாம். இலையில் இருக்கும் நச்சு ஆட்டின் மடியையும் இதயத்தையும் கெடுக்கும்.

இந்தக் காய் மரத்தில் பழுப்பதில்லை. பறித்த பிறகுதான் பழுக்கும். முற்றிவிட்டதா என்று தெரிய, பளபளப்புப் போய்த் தோல் மங்கிய காய் ஒன்றைப் பறித்து அரிசிப் பானைமேல் வையுங்கள். பத்து நாளுக்குள் சுருங்காமல் மெத்தென்று ஆகி, அறுத்தால் கொட்டைமேல் தோல் பழுப்புக் காகிதமாக இருந்தால் அறுவடை தொடங்கலாம். சுருங்கி ரப்பராகிவிட்டால் இன்னும் மூன்று வாரம் பொறுங்கள். சந்தை விலையைக் கேட்டு அவசரப்பட்டுப் பிஞ்சைப் பறித்து வத்தலக்குண்டுக்கு அனுப்புகிறவர்களால்தான் பட்டர் ஃப்ரூட் கசக்கும் என்று ஊரில் பெயர். காயை இழுத்துப் பிடுங்காதீர்கள். அரை அங்குலக் காம்போடு வெட்டுங்கள். காம்பு பிய்ந்த இடத்திலிருந்துதான் அழுகத் தொடங்கும். வலைப்பை கட்டிய தொரட்டி இருந்தால் கீழே விழாது.

எங்கள் வீட்டில் நாட்டுச்சர்க்கரையும் ஏலக்காயும் போட்டுப் பிசைந்து தின்போம். பேத்தி உப்பும் மிளகும் கேட்கிறாள். எப்படியும் தின்னுங்கள்; கொட்டையை மட்டும் வெயிலில் எறிந்துவிடாதீர்கள், காய்ந்தால் முளைக்காது. ஈரத்துணியில் சுற்றி இரண்டு வாரத்துக்குள் யாராவது இந்தப் பக்கம் வரும்போது கொடுத்தனுப்புங்கள். வெந்நீர் தயாராக இருக்கும்.